ஆளைப் பார்த்து நின்றுபோகும் கொம்பியூட்டர்

உட்துறைமுக வீதியில் நிலா ஸ்டூடியோ என்றொரு படக்கடை இருக்கிறது. அந்தக் கடையின் கொம்பியூட்டர் யாருடைய முகத்தைத் திறக்கும்போது நின்றுபோகிறதோ, அந்த ஆள் அடுத்த அமாவாசை பார்க்கமாட்டார் என்று திருகோணமலையில் ஒரு கதை கிளம்பியிருந்தது. மீன் சந்தையில் கேட்டேன். சலூனில் கேட்டேன். வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், எனக்குப் பின்னால் நின்ற அம்மாளுக்கு என் தோளுக்கு மேலால் சொன்னபோதும் கேட்டேன்.

கதை சொன்னவர்கள் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்ததுபோலச் சொன்னார்கள். முதலில் நெற்றி வருமாம். பிறகு கண், மூக்கு. வாய் வருமுன் திரை வெளிறிப்போய் எல்லாம் அசையாமல் நின்றுவிடுமாம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்கு அப்படி நின்றது, போய்விட்டார். நகைக்கடை முதலாளி ஒருவருக்கு நின்றது, அவரும் போனார். உப்புவெளிக் கனகம்மாவுக்கு இரண்டு முறை நின்றதாம். “அவ கொஞ்சம் கெட்டியான ஆள்” என்று சலூன்காரர் விளக்கம் சொன்னார்.

வதந்தியை உடைப்பது பத்தி எழுதுகிறவனுக்கு இலகுவான வேலை. இரண்டு பேரை விசாரித்தால் போதும், ஒன்று பொய்யாகிவிடும். நானும் அந்த நம்பிக்கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று வீடுகளுக்கும் போனேன். வீட்டுக்காரர்கள் தேத்தண்ணி தந்தார்கள். மூன்று பேரும் நிலா ஸ்டூடியோவில் படம் எடுத்தது உண்மை. மூன்று பேருக்கும் கொம்பியூட்டர் நின்றது உண்மை. மூன்று பேரும் கொஞ்ச நாளில் இறந்ததும் உண்மை. உண்மையான வதந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. திகைத்துப்போய், நான்காவதாக ஸ்டூடியோவுக்கே போனேன்.

ஸ்டூடியோக்காரியின் பெயர் தயாளினி. மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் பிறந்தவர். மூதூரிலிருந்து லோஞ்ச் படகு ஏறித்தான் பட்டினத்துக்கு வரவேண்டும் என்றிருந்த காலத்தில், கொம்பியூட்டர் படிக்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. இந்தக் கடையில் படம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது கடையும் கதிரையும் கொம்பியூட்டரும் அதன் தூசியும் இவருக்கு வந்து சேர்ந்தன. புருஷன் கட்டாரில் பாரஊர்தி ஓட்டுகிறார். வயது நாற்பத்தைந்துக்குக் கிட்ட இருக்கும். கேட்கவில்லை. கேட்டால் என்னுடைய அடையாள அட்டைப் படத்தில் சுருக்கங்களை அப்படியே விட்டுவிடுவார்.

அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும் கடை வாடகைக்கு. வீடு நடப்பது செத்தவர்களால். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அழுகை அடங்குமுன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தயாளினியிடம் வருவார். கையில் ஏதோ ஒரு கலியாணவீட்டுக் கூட்டப் படம் இருக்கும். “இந்தா, இடப்பக்கம் ரெண்டாவது ஆள்” என்பார். தயாளினி அந்த ஆளை வெட்டி எடுப்பார். தோளில் கிடக்கும் மச்சானின் கையை அழிப்பார். வாயிலிருக்கும் பலகாரத்தை எடுப்பார். பாதி மூடிய கண்ணைத் திறந்துவிடுவார். பிறகு பின்னால் நீர்வீழ்ச்சி, தலைக்குப் பின் ஒளிவட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே மலர்வு, உதிர்வு என்று பிறந்த திகதியும் இறந்த திகதியும். மாலைக்குள் சந்தியில் பனர் கட்டியாகிவிடும்.

ஆண்களுக்கு ஒரு கோட்டும் போட்டுவிடுவார். கருநீலக் கோட், கழுத்தில் சிவப்பு ரை. எந்த வெள்ளைக்காரனுடையதோ தெரியாது, பழைய முதலாளி எங்கோ இருந்து வெட்டியெடுத்தது. இந்த நகரில் காலஞ்சென்ற ஆண்களில் பாதிப்பேர் அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் விடைபெற்றிருக்கிறார்கள். உயிரோடிருக்கையில் பெனியனுக்கு மேல் ஒன்றும் போடாதவர்களும் அதில் அடக்கம்.

கொம்பியூட்டர் அந்தக் கோட்டைப்போலவே பழையது. மேசைக்குக் கீழே பெட்டி, மேலே ஓரம் மஞ்சளித்த திரை, எழுத்தழிந்த விசைப்பலகை. உள்ளேயிருக்கும் படம் திருத்தும் சொப்ட்வெயார் எந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கியது என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

நான் போன நேரம் கடையில் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கும் பருவத்தில் பிள்ளைகளின் படத்துக்கு வரிசை நிற்கிற கடை அது. இப்போது தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியின் மற்றப் பக்கத்தால் நடந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கடைக்குப் போனார்கள். கட்டடச் சொந்தக்காரர் அந்த மாதம் வாடகையைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார் என்றும், இப்படியே போனால் தைப்பொங்கலோடு பூட்டவேண்டியதுதான் என்றும் தயாளினி சாதாரணமாகச் சொன்னார். யாரோ சொன்னதைக் கேட்டுப் பெட்டிக்குத் திருநீறு பூசி, திரைக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தார். அது இன்னும் கெடுத்தது. கண்டவர்கள் “பாத்தியோ, அவளுக்கே பயம்” என்றார்கள். வாடிய சரத்தை வாசலில் போட, பட்டினத்து வீதிகளில் மாடுபோலத் திரியும் ஊர் மான்களில் ஒன்று வந்து அதைத் தின்றது. அந்த மானை இரண்டு நாளாகக் காணவில்லை என்று அதற்கும் ஒரு கதை கிளம்பியது. நான் வரும்போது அந்த மான் தபால் கந்தோருக்கு முன்னால் பொலித்தீன் தின்றுகொண்டிருந்தது.

கொம்பியூட்டரைத் திருத்தினால் என்ன என்று கேட்டேன். “பாப்பம்” என்றார். கிண்ணியாவில் நல்ல பையன் இருக்கிறான், கூட்டி வரவா என்றேன். “பாப்பம் அண்ணை” என்றார். சனம் ஓடுகிறது, கடை பூட்டப்போகிறது, கொம்பியூட்டர்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. ஆனால் ஒரு திருத்துநரைக் கூப்பிடுவதற்கு இந்த மனுஷிக்கு விருப்பமில்லை. எனக்கு அது கதையைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை கொம்பியூட்டர் கனகசுந்தரத்தாருக்கு நின்றது.

கனகசுந்தரத்தார் பாலையூற்றுக்காரர். கந்தளாய்ச் சீனி ஆலையில் வேலை பார்த்து, ஆலை மூடியபிறகு ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காலந்தள்ளியவர். மனைவி போய்ச் சில வருடம். ஒரே மகன் பிரகலாதன் கனடாவில். போன ஆவணியில் கொழும்புக்குக் கொண்டுபோய் இவருடைய நெஞ்சுக்குள் ஏதோ கம்பிச்சுருள் வைத்துவிட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு மகன் தொலைபேசியில், பென்சன் கந்தோரில் புதுப் படம் கேட்கிறார்களாம், நிலா ஸ்டூடியோவில் போய் ஒன்று எடுங்கோ அப்பா என்றிருக்கிறான். இவரும் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் எடுத்தார். எடுத்ததைப் பார்க்காமல் போகிற ஆள் இல்லை. காட்டு பிள்ளை என்று நின்றார். நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது, நின்றது.

அவர் அப்போது சிரித்தார். திரும்பும் வழியில் ஓட்டோக்காரர் கதையைச் சொன்னார். பாலையூற்றில் இறங்கும்போது சிரிப்பு இல்லை. அன்றிலிருந்து பற்பசையைச் சின்னப் பைக்கற்றாக வாங்கத் தொடங்கினார். அரிசியை மூடையாக எடுப்பவர் கிலோவாக எடுத்தார். முற்றத்தில் புதிதாக நட்ட தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அது காய்க்கும்போது தான் இருக்கப்போவதில்லை என்றால் ஏன் ஊற்றுவான்?

ஆனால் ஊருக்கு விண்ணப்பம் எழுதிய மூளை சும்மா இருக்குமா. அவர் அதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். நேரே என் வீட்டுக்கு வந்து சொன்னார்.

“நிண்டதாலைதானே வில்லங்கம்? அப்ப நிக்காமத் திறந்தா வில்லங்கமில்லைத்தானே. கொம்பியூட்டரைத் திருத்துவம். என்ர முகம் வாய் வரைக்கும் வரட்டும்.”

கிண்ணியாவிலிருந்து திருத்துநர் பஹ்மியைத் தன் செலவில் கூப்பிட்டிருந்தார். சாட்சிக்கு நான்.

எங்கள் மூவரையும் வாசலில் கண்டதும் தயாளினி திரையை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். இன்றைக்குக் கரண்ட் வெட்டுவார்கள் என்றார். சாவி இல்லை என்றார். பெட்டிக்குச் சாவி தேவையில்லை என்று பஹ்மி ஏற்கெனவே திருப்புளியோடு மேசைக்குக் கீழே போயிருந்தார். முப்பது வயதுக்காரர், மெல்லிய தாடி, கேள்வி கேட்டுக்கொண்டே வேலை செய்கிற பழக்கம்.

சின்னப் படத்துக்கு நிற்கிறதா, பெரிய படத்துக்கா என்று கேட்டார். பெரிய படம் திறந்தால்தான் என்று தயாளினி இழுத்தார். ஐயாவுடைய படம் பெரிதா? இல்லை, சின்னது. அப்படியானால் அதோடு சேர்த்து வேறென்ன திறந்து வைத்திருந்தீர்கள் என்று பஹ்மி தலையை வெளியே நீட்டிக் கேட்டார். ஞாபகமில்லை என்றார் தயாளினி. அவருக்கு இந்த நகரத்து ஆண்களின் மச்சம் மருவெல்லாம் ஞாபகம் இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் துறைமுகத்து உப்புக்காற்று இவ்வளவு காலம் என்ன செய்தது என்று தெரிந்தது. விசிறியில் தூசி கம்பளிபோலத் திரண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பல்லி முட்டை. கனகசுந்தரத்தார் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார். பலன் பார்க்கவாம். பஹ்மி முட்டையைக் கடதாசியில் எடுத்து வைத்துவிட்டு, றாம் என்கிற மெல்லிய தகட்டைக் கழற்றிக் காட்டினார். கொம்பியூட்டர் ஒரு வேலையைச் செய்யும்போது அதைக் கையில் ஏந்தி வைத்திருக்கும் பாகம் அது. இரண்டு தகட்டில் ஒன்று பச்சை பிடித்துச் செத்துக் கிடந்தது. மற்றதன் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து மினுக்கினார்.

“ஒத்தக் கையால நெல்லு மூட தூக்கச் சொன்னா எப்பிடி அக்கா தூக்கும்?” என்றார்.

பெரிய படத்தைத் திறக்கும்போது சொப்ட்வெயார் தற்காலிகமாகப் பரப்பி வைக்க ஹார்ட் டிஸ்கில் இடம் தேடுமாம். அங்கே பத்து வருடத்துக் கலியாணவீடுகள் கிடந்தன, ஊசி குத்த இடமில்லை. அவற்றை வேறொரு டிஸ்குக்கு மாற்றினார். ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்திருந்த அலங்கார எழுத்துகளில் தேவையில்லாததையெல்லாம் கழற்றினார். கடைசியில், செத்த தகட்டுக்குப் பதில் தன்னுடைய பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். இந்தப் பழைய வகை இப்போது கடைகளில் இல்லை, இது தன் சொந்தக் கொம்பியூட்டரில் இருந்து கழற்றியது என்றார்.

“விக்கிறதுக்கில்ல அக்கா. ஐயாட வேல முடியுமட்டும் இரிக்கட்டும். முடிஞ்சதும் தாங்க.”

தயாளினி தலையாட்டினார். அவருடைய கண் திரையில் இருந்தது. திருத்தியாயிற்றே, நாளைக்குத் திறப்போம் ஐயா, என்று மெதுவாகக் கேட்டார். கனகசுந்தரத்தார் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பற்பசை பெரியது வாங்குவதா சின்னது வாங்குவதா என்று தெரியாமல் ஒரு மனிதன் இன்னொரு இரவு எப்படித் தூங்குவது?

பஹ்மி சொப்ட்வெயாரைத் திறந்தார். இந்தச் சொப்ட்வெயாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நின்றுபோன நேரத்தில் என்னென்ன திறந்திருந்ததோ, மறுபடி தொடங்கும்போது தானாகவே அவற்றையெல்லாம் மீட்டுக்கொண்டுவந்து முன்னால் வைக்கும். யாரும் கேட்கத் தேவையில்லை. தயாளினி மின்சார வயரை நோக்கிக் கையை நீட்டியதை நான் கண்டேன். பிந்திவிட்டார்.

நெற்றி வந்தது. கண் வந்தது. மூக்கு வந்தது. வாயும் வந்தது. கனகசுந்தரத்தார் “அப்பாடா” என்றார்.

படம் அதோடு நிற்கவில்லை. வாய்க்குக் கீழே சிவப்பு ரை வந்தது. கருநீலக் கோட் வந்தது. பின்னால் நீர்வீழ்ச்சி வந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்குகள் வந்தன. தலைக்குப் பின் ஒளிவட்டம். மேலே, ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே, ‘அமரர் கனகசுந்தரம்’. மலர்வு: 1948. உதிர்வு: அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஒரு திகதி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

பஹ்மி சாவுச்செய்திக்குச் சொல்லும் “இன்னா லில்லாஹி”யைத் தொடங்கி, ஆள் பக்கத்திலேயே கதிரையில் இருப்பது ஞாபகம் வந்து மீதியை விழுங்கினார். வெளியே ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. கனகசுந்தரத்தார் திரையைப் பார்த்தார். திரையிலிருந்த கனகசுந்தரத்தார் அவரைப் பார்த்தார். இருவரில் திரையிலிருந்தவர்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தார்.

“உதிர்வுக்குப் பக்கத்திலை ஏன் வெறுமையாக் கிடக்கு?” என்று கடைசியில் கேட்டார்.

“அது பிறகு போடுறது ஐயா” என்றார் தயாளினி. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள்தான் சொல்கிறார்களாம். தகப்பனுக்கு நெஞ்சு, தாய்க்குச் சிறுநீரகம், டொக்டர் ஒரு மாதிரிக் கதைக்கிறார் என்றதும் வட்ஸ்அப்பில் தகவல் வரும். எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருங்கோ அக்கா, கடைசி நேரத்தில் அந்தரப்படேலாது. பழைய படம் சரியில்லை, ஒரு சாட்டுச் சொல்லி அப்பாவை அனுப்புகிறோம், புதுப் படம் எடுத்துப் போடுங்கோ. கூடவே அங்கத்தைய ஸ்டூடியோ யாரோ செய்த பின்னணிப் படத்தையும் அனுப்புவார்களாம். சுவரளவு பனருக்கு அடிக்கக்கூடிய, யானைபோன்ற படம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் புது முகத்தையும் திறந்தால், ஒற்றைத் தகட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் கொம்பியூட்டர் வேறென்ன செய்யும்? அதிபருக்கும் அதுதான் நடந்தது. நகைக்கடை முதலாளிக்கும் அதுதான். கனகம்மாவுக்கு மகனும் மகளும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டு முறை. கனகசுந்தரத்தார் போனபிறகு அவருடைய முகத்தைப் பொருத்தி எழுத்தும் போட்டு முடித்த நேரத்தில், யாரும் காணாமல் கொம்பியூட்டர் மறுபடி நின்றிருந்தது, அதுதான் இப்போது மீண்டு வந்தது.

கொம்பியூட்டர் நின்றதால் யாரும் சாகவில்லை. சாகப்போகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததால் கொம்பியூட்டர் நின்றது. ஊர் சொன்ன கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முன்னதைப் பின்னதாக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கடை பூட்டும் நிலைக்கு வந்தும் இதை ஏன் சொல்லவில்லை, கொம்பியூட்டரை ஏன் திருத்தவிடவில்லை என்று தயாளினியைக் கேட்டேன்.

“கொம்பியூட்டரிலை பிழையெண்டா கொம்பியூட்டருக்கு வெக்கமில்லை அண்ணை. பிள்ளையளிலை பிழையெண்டா தாய்தேப்பன் தாங்குங்களோ?”

கனகசுந்தரத்தார் அதைக் கேட்டாரோ தெரியாது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனைவி இறந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்றைக்கு வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சந்தியில் கட்டினார்களாம். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவளின் முகம் மாதிரி இருந்ததாம். பிரகலாதன் அதைக் கனடாவிலிருந்து தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு, அம்மாவை இப்படியோ அனுப்பிறது என்று அழுதானாம். மகனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்த நானும் பஹ்மியும் வேறெங்கோ பார்த்தோம்.

பிறகு அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

“இது செத்துப்போன குலவீரசிங்கத்தின்ர கோட்டெல்லே?”

“எல்லாருக்கும் அதுதான் ஐயா.”

“அவனோடை பதினெட்டு வருஷம் வேலிச் சண்டை பிடிச்சனான் பிள்ளை. அவன்ர கோட்டைப் போட்டுக்கொண்டு நான் போறதோ? கழட்டு.”

தயாளினி கழற்றினார். கோட்டுக்குக் கீழே அவர் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த சேர்ட் இருந்தது. நீர்வீழ்ச்சியை எடுக்கச் சொன்னார், குளிருமாம். பாலையூற்றில் பிறந்தவனுக்கு நீர்வீழ்ச்சி என்னத்துக்கு? ஒளிவட்டத்தைக் குறைக்கச் சொன்னார். பிறந்த வருடம் பிழை, அது பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கொடுத்தது, ஒரு வயதைக் குறை என்றார். கிட்டத்தட்ட இருட்டும்வரை வேலை நடந்தது. கொம்பியூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. உதிர்வில் கை வைக்க வேண்டாம் என்றார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, “அவனுக்குச் சொல்லிப்போடாதை. நான் கண்டதெண்டு அறிஞ்சா உடைஞ்சு போவான்” என்றார்.

ஆக, இப்போது மகன் அப்பாவுக்குத் தெரியாதுதானே என்று கேட்க, தயாளினி தெரியாது என்கிறார். தகப்பன் மகனுக்குத் தெரியாதுதானே என்று கேட்க, அதற்கும் தெரியாது என்கிறார். இதை எழுதப்போகிறேன் என்று கனகசுந்தரத்தாரிடம் அனுமதி கேட்டேன். பெயர்களை மாற்று, கோட்டை மாற்றாதே என்றார். மகன் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதில்லையாம்.

ஊரில் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: படம் திறந்தது, நான் பார்த்தனான். அது போதுமாக இருந்தது. அமாவாசையும் கடந்து போக, அவர் பெரிய பற்பசையோடு கடையிலிருந்து திரும்பியதைச் சனம் கண்டது. அதன்பிறகு நிலா ஸ்டூடியோவில் நிற்க இடமில்லை. நெஞ்சு நோவுள்ளவர்கள், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர்கள் எல்லாம் தங்கள் முகத்தை அந்தக் கொம்பியூட்டரில் ஒருமுறை வாய்வரைக்கும் திறந்து காட்டச் சொல்கிறார்களாம். ஆயுள் கூடுமாம். பிள்ளைகளும் படத்துக்கு வந்துவிட்டார்கள். வாடகை கட்டியாயிற்று. ஒரு வதந்தியை உடைக்கப் போன நான் இன்னொன்றுக்குச் சாட்சியாக நின்றுவிட்டேன். இரகசியமாகத் தயாளினியிடம் என் படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார். நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

கனகசுந்தரத்தார் இப்போது தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இடைக்கிடை ஸ்டூடியோவுக்கு வந்து, மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கு, காதைக் கொஞ்சம் சின்னனாக்கு என்று தன் படத்தில் குறை கண்டுபிடிக்கிறார்.

பஹ்மியின் தகடு இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதைக் கழற்றினால் கொம்பியூட்டர் மறுபடி நிற்கும். அவருடைய கொம்பியூட்டரோ அன்றிலிருந்து ஒற்றைத் தகட்டில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துத் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“ஐயாட வேல முடிஞ்சிட்டா அக்கா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை பஹ்மி” என்றார் தயாளினி.

பஹ்மி திரையிலிருந்த கனகசுந்தரத்தாரைப் பார்த்தார். உதிர்வுக்குப் பக்கத்தில் இன்னும் வெறுமையாகவே கிடந்தது.

“அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.